பால்குடி மறக்காத பிள்ளை

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்று நடந்தது. வெளியூரிலிருந்து வந்து பேசிய டாக்டர், பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்காத தாய்க்கு அபராதம் போடும்படி சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்றார். அவர் ஆண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பின்னால் இருந்த ஒரு பெண் எழுந்து, கொடுப்பதும் கொடுக்காததும் அவளவள் இஷ்டம், இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்டாள். அவளுக்கும் கை தட்டினார்கள். தட்டியவர்கள் அதே ஆட்கள்தான்.

நான் இரண்டு தடவையும் தட்டவில்லை. எதையும் கேட்டவுடன் நம்புவது என் சுபாவத்தில் இல்லை. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் நான் காயைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைத்தான் பார்ப்பேன். சட்டம் வேண்டும் என்றவருக்கும் சரி, இஷ்டம் என்றவளுக்கும் சரி, தாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியுமா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்படி ஒரு சட்டம் நடப்பில் இருந்த ஊரில் நான் குடித்தனம் செய்தவள். அங்கே என் இஷ்டம் என்ன பாடுபட்டது என்பதும் எனக்குத் தெரியும்.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். என் கணவரைக் கொல்லிமலையில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக மாற்றினார்கள். மலைக்கு மாற்றல் என்றால் தண்டனை என்றே அப்போது சொல்வார்கள். குளிர்காய்ச்சலுக்குப் பயந்து வாத்தியார்கள் லீவு எழுதிப் போட்டுவிட்டுக் கீழேயே இருந்துகொள்வார்கள். என் கணவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. போ என்றதும் போய்விட்டார். நான் பிரசவத்துக்குச் சேந்தமங்கலத்தில் என் அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் அவர் வந்து அழைத்துப் போனார். மலையடி வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் நடை.

அது எனக்கு இரண்டாவது பிள்ளை, பெண். முதல் பிள்ளை பையன். நாலாம் மாதம் முடிவதற்குள் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அதுவரை கொழுகொழுவென்று இருந்தவன். அவன் போன பிறகு என் மாமியார் என் பாலைக் கொஞ்சம் ஓர் இலையில் பீய்ச்சச் சொல்லி, அதில் ஓர் எறும்பைப் பிடித்து விட்டார். எறும்பு செத்தால் பால் விஷப் பால் என்று அர்த்தமாம். எறும்பு செத்தது. தண்ணீரில் விட்டாலும்தான் எறும்பு சாகும் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பிறகு எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே விஷம் என்று நம்பவும் செய்தேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் முடியும்.

அதனால் மகள் பிறந்ததுமே டின் பால் மாவு வேண்டும் என்றேன். என் அம்மா கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எதிரில் உட்கார்ந்து, பிள்ளை குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். கொடுத்தேன். கொடுத்தபோதெல்லாம் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது எந்த நிமிஷம் மாறும் என்று. நாலாம் மாதம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மலையேறிய அன்றே நிறுத்திவிட்டேன். அங்கே எதிரில் உட்கார அம்மா இல்லை. கணவருக்கு விஷயம் பிடிக்கவில்லை. ஆனால் முதல் பிள்ளை விஷயத்தில் அவருடைய அம்மா செய்த சோதனை அவருக்கும் தெரியும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

டின்களை என் அப்பா சேலத்தில் வாங்கி, மலையடியில் சந்தை கூடும் பேளுக்குறிச்சியில் தெரிந்த ஒரு கடையில் கொடுத்து வைப்பார். சந்தை முடிந்ததும் உப்பு, மண்ணெண்ணெய், துணிமணி எல்லாம் தலைச்சுமையாக மலைக்குக் கொண்டுவரும் ஆள் ஒருவர் இருந்தார். அவரே டின்னையும் கொண்டுவந்து கொடுப்பார். பால் கட்டிக்கொண்டு எனக்கு மார் வலி தாங்கவில்லை. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் ஊர் இருந்த உயரத்தில் மல்லிகை கிடையாது. ஆகவே வரும்போது டின்னோடு நாலு முழம் மல்லிகையும் வாங்கி வரும்படி அந்தச் சுமைக்காரரிடம் சொன்னேன். அவர் வாழை இலையில் சுற்றி, வாடாமல் ஈரத்துணி போட்டுக் கொண்டுவந்தார். நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

முதலில் பால் புட்டியைப் பார்க்கப் பெண்கள் வந்தார்கள். கண்ணாடிப் புட்டியும் ரப்பர் காம்பும் அவர்களுக்கு வேடிக்கை. பிறகு வேடிக்கை தீர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்ப்பார்கள். நான் திரும்பினால் சாமைக் கதிரைப் பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும் நேராகவே கேட்டாள்.

“ஏனுங்க அம்மிணி, உங்களுக்குப் பால் இல்லீங்களா?”

“இருக்குது.”

“அப்புறம் ஏனுங்க?”

“குடுக்கலை, அவ்வளவுதான்.”

அவள் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ புரிந்துவிட்டது போல ஆட்டினாள். எனக்கே புரியாத ஒன்று அவளுக்கு எப்படிப் புரியும் என்று அன்று முழுவதும் எரிச்சலாக இருந்தது.

கேட்டவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட இளையவள். புருஷன் அதே மலையில் இன்னொரு பகுதியான திருப்புலி நாட்டைச் சேர்ந்தவன். அவனைப் பிடிக்காமல் மகனைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே அது பெரிய குற்றமில்லை. பிடிக்காவிட்டால் வந்துவிடலாம், வேறொருவரைக் கட்டிக்கொள்ளலாம். கீழே இருப்பவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். நானும் முதலில் பொத்திக்கொண்டேன், பிறகு கொஞ்சம் பொறாமைப்பட்டேன். அவள் மகன் மூன்று வயதை நெருங்கியவன். கோழியைத் துரத்துவதுதான் அவனுக்கு முழுநேர உத்தியோகம். துரத்திக் களைத்தால் வந்து அம்மாவின் மேல் துணியை விலக்கிப் பால் குடிப்பான். இத்தனை பெரிய பிள்ளை குடிக்கிறானே என்று நான் முகம் சுளிப்பேன். அவள் அதைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பாள்.

ஒருநாள் என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“நீ எங்கயாச்சும் போறதா இருக்கறயா?”

“எங்க போறதுங்க? கேணிக்கா?”

“இல்ல, ஊர்க்கவுண்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்.”

ஊர்க்கவுண்டர் என்பவர் அந்த ஊரின் வழக்குகளைத் தீர்த்து வைக்கிறவர். பெரிய மீசை, மெல்லிய குரல். அவர் என் கணவரைத் தனியாக அழைத்து, “வாத்தியாருங்க, உங்க ஊட்டு அம்மிணி கெளம்பற மாதிரி தெரியுதுங்க, கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று சொல்லியிருக்கிறார். யாரோடு என்று இவர் கேட்டிருக்கிறார். கேட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் சுமைக்காரரைச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஊர்க் கணக்கு இப்படி. பிள்ளை தகப்பன் வீட்டுக்குச் சொந்தம். ஆனால் பால்குடி மறக்கும் வரை அதைத் தாயிடமிருந்து யாரும் பிரிக்கக் கூடாது. தாயும் பிள்ளையை விட்டுப் போகக் கூடாது. பால் குடிப்பதை மறந்துவிட்டால் அவள் போகலாம், பிள்ளை தகப்பன் வீட்டில் இருக்கும். ஆகவே மாரில் பால் இருந்தும் ஒருத்தி பிள்ளைக்குக் கொடுக்காமல் நிறுத்தினால், அவள் புருஷனை விட்டுக் கிளம்பத் தயாராகிறாள் என்று அர்த்தம். அதனால் அங்கே பால் கொடுப்பது தாயின் இஷ்டம் இல்லை. கொடுக்காவிட்டால் ஊர் கூடிக் கேட்கும். எந்தக் காகிதத்திலும் எழுதாத சட்டம். எழுதியதைவிடக் கெட்டி.

அந்தக் கணக்கோடு என்னைச் சேர்த்துப் பாருங்கள். வந்த அன்றே பாலை நிறுத்தியவள். சந்தைதோறும் ஓர் ஆண் அவளுக்கு மல்லிகைப் பூ கொண்டுவருகிறான். பூவை அவள் தலையில் வைத்து ஒருவரும் பார்த்ததில்லை. இன்னும் என்ன வேண்டும்?

“பூ வாங்கறயே, தலையில காணோமே?” என்றார் கணவர். சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். கை மட்டும் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் முந்தானையை விலக்கி, ரவிக்கைக்குள் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, வாடிக் கறுத்த பூவை அவர் முன்னால் கொட்டினேன். “இதுக்குத்தான். பால் வத்தறதுக்கு” என்றேன். அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. எனக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு, “ஊர் வாயை மூடறதுக்காவது பிள்ளைக்குக் கொடேன்” என்றார்.

“பிள்ளை ஒரேயடியா வாயை மூடிட்டா உங்களுக்குச் சம்மதமா?” என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அன்றிலிருந்து யாரையும் நம்பவில்லை. ஊர்க்கவுண்டரும் என் கணவரும் சேர்ந்து ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று தோன்றியது. குழந்தையை யார் தூக்கினாலும் கண்ணெடுக்காமல் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் யாராவது மார் கொடுத்துவிடுவார்களோ, புட்டியை உடைத்துவிடுவார்களோ என்று பயந்து, புட்டியைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஊராரோ சுமைக்காரர் வருகிற நாளில் வேலியோரம் கூடி நின்றார்கள். பாவம் அந்த மனிதர், தம்மைப் பார்க்க இவ்வளவு பேரா என்று சந்தோஷமாகச் சிரித்துவிட்டுப் போவார்.

மழைக்காலம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. போர்வை போதாமல் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். பிழைத்து எழுந்தபோது ஆள் பாதியாக இருந்தாள். அதற்குள் திருப்புலி நாட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பையன் பால்குடி மறந்துவிட்டான், பிள்ளையைக் கொடுங்கள் என்று புருஷன் வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவள் அண்ணன் மறக்கவில்லை என்றார். ஊர் கூடிப் பார்த்துச் சொல்வது என்று முடிவாயிற்று.

கூட்டத்துக்கு முந்திய நாள், என் கணவர் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், அவள் என் வீட்டுக்கு வந்தாள். பையன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எனக்குப் பால் வத்திப்போச்சுங்க அம்மிணி” என்றாள்.

நான் பையனைப் பார்த்தேன்.

“காச்சலுக்கப்புறம் சொட்டு வரலீங்க. பையன் சும்மா வாயை வெச்சுக்கிட்டுத் தூங்கறான். நாளைக்கு அவன் வாயைத் தொறந்து பார்ப்பாங்க. பால் இல்லீன்னா கையோட கூட்டிப் போயிருவாங்க.”

“அதுக்கு நான் என்ன செய்யறது?”

“காலையில கெளம்பறதுக்கு முந்தி நீங்க ஒரு தடவை குடுங்க. வாயில பால் வாசமாச்சும் இருக்கும்.”

எனக்குச் சுரீர் என்றது. முதலில் தோன்றியது இது சூழ்ச்சி என்பதுதான். ஊர்க்கவுண்டர் அனுப்பியிருப்பார், அல்லது என் கணவரே சொல்லிக் கொடுத்திருப்பார். ஊரான் பிள்ளைக்குக் கொடுத்தவள் தன் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நாளைக்கு என்னைக் கூட்டத்தில் நிறுத்தலாம் அல்லவா? உன்னை யார் அனுப்பியது என்று கேட்டேன். அவள் விழித்தாள். திரும்பவும் கேட்டேன்.

“ஆரு அனுப்புவாங்க? எங்கண்ணனுக்குக்கூடத் தெரியாதுங்க” என்றாள்.

“என் மாருல பாலு இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க கொழந்தை அழுவறப்ப நீங்க கையை நெஞ்சுல வெச்சு அமுக்கறீங்க. வேலியில நின்னு பார்த்திருக்கறனுங்க.”

இத்தனை பூவுக்கும் என் பால் முழுதாக வற்றவில்லை என்பது உண்மை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை உளவு பார்த்தவள் அதை எனக்கே சொல்கிறாள். ஆனால் வேறு ஒரு பயம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக என்னைப் பிடித்துக்கொண்டது. என் கணவரைத் தவிர மலையில் யாருக்கும் தெரியாததை அவளிடம் சொன்னேன். முதல் பிள்ளை, எறும்பு, எல்லாவற்றையும் சொன்னேன். “என் பால் நல்ல பால் இல்லை. உன் பையனுக்கு ஏதாவது ஆனா?”

அவள் பையனின் தலையைத் தடவினாள்.

“உங்க பாலைக் குடிச்சா ஏதாச்சும் ஆவுமோ ஆவாதோங்க. குடிக்காட்டி நாளைக்கு அவன் என்கிட்ட இல்லை. அது நிச்சயமுங்க” என்றாள்.

போய்விட்டாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியதுகூடத் தெரியாமல் இருந்தேன். இந்த ஊரில் என்னைக் கொடு கொடு என்று நெருக்கினார்கள், அவளை நிறுத்தியாயிற்று, பிள்ளையைக் கொடு என்று நெருக்கினார்கள். இருவருக்கும் சட்டம் ஒன்றுதான். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் வந்தது ஆத்திரம், அவள் பையனின் வாயைத் திறந்து பார்க்க வருகிறவர்கள் மேல்.

மறுநாள் காலையில் கணவர் கூட்டம் நடக்கும் மந்தைப் பக்கம் போனதும் அவள் பையனோடு பின்பக்கமாக வந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். பையன் என்னைக் கண்டு ஓடினான். அவள் இழுத்து வந்தாள். மறுபடியும் ஓடினான். கடைசியில் டின்னிலிருந்து ஒரு சிட்டிகை பால் மாவை எடுத்து என் மாரில் தடவினேன். இனிப்பு என்றதும் வந்து ஒட்டிக்கொண்டான். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாய் நிறையப் பல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் வந்த தண்ணீர்தான், வேறெதுவும் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் என் பக்கம் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக் காவல் நின்றாள். என் மகள் தொட்டிலில் கிடந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளையும் என்னால் பார்க்க முடியவில்லை.

“யாருகிட்டயும் சொல்லக் கூடாது கண்ணு” என்று பையனிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். மூன்று வயதுக்காரன் தலையாட்டுவதை யார் நம்புவது?

மந்தையில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் வாத்தியார் என்பதால் அவருக்கு மட்டும் ஒரு பலகை. நான் பெண்கள் பக்கம், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். புருஷன் வீட்டின் சார்பில் அவனுடைய அக்கா வந்திருந்தாள். பையனுக்கு அத்தை. நெடுநெடுவென்ற உயரம், இறுகிய வாய், சிரித்து எத்தனை வருஷமோ என்று நினைக்க வைக்கும் முகம். வாயைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். எதிர்க்கட்சியே ஒப்புக்கொண்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை என்பதால் அங்கே அப்படி ஒரு வழக்கம். தாயின் மாரை அழுத்திப் பார்ப்பது மரியாதைக் குறைவு. பிள்ளையின் வாயைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டு பெண்கள் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். அம்மா பையனை மடியில் போட்டு மார் கொடுத்தாள். அத்தை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். நான் பெண்களுக்குப் பின்னால் நின்றதால் எனக்கு எல்லாம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தை பையனைத் தூக்கி, தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள்.

“ஆருகிட்டப் பால் குடிச்ச சாமி?” என்று கேட்டாள்.

பையன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வாய் கோணிக்கொண்டு வீரிட்டு அழுதான். அழுத வேகத்தில் வயிறு குலுங்கி, குடித்ததில் கொஞ்சம் தயிர் போலக் கக்கினான். அத்தை நீட்டியிருந்த கையிலேயே விழுந்தது.

வெள்ளை வெளேரென்று இருந்தது. கூட்டத்துக்கு அது பால் குடித்ததற்கு அத்தாட்சி. எனக்கு அது விஷத்துக்கு அத்தாட்சி. என் முதல் பிள்ளையும் இப்படித்தான் கக்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து, பையன் அழுகிற அழுகைக்கு என் மார் கட்டுக்கடங்காமல் சுரந்துவிட்டது. பூக்கட்டைக் காலையில் அவிழ்த்தவள் திரும்பக் கட்டவில்லை. நான் உடுத்தியிருந்தது வெளிர் நீல ரவிக்கை. நனைந்தது நன்றாகத் தெரிந்தது. மகளை இழுத்து முன்னால் அணைத்துக்கொண்டேன். அதற்குள் அத்தை தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்துவிட்டாள்.

பார்த்தாள், கையைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அவள் கையைப் புல்லில் துடைத்துவிட்டு எழுந்தாள்.

“பால் குடிக்கிற பிள்ளைதானுங்க” என்று ஆண்கள் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பால்குடி மறக்கும் வரை பிள்ளை தாயிடம் இருக்கட்டும், அறுவடை முடிந்து மறுபடியும் பார்ப்போம் என்று தீர்ப்புச் சொன்னார். புருஷன் வீட்டு ஆண்கள் முணுமுணுத்தார்கள். அத்தை அவர்களைத் திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது என்று அன்று அவர்கள் ஊர்க்கவுண்டர் வீட்டிலேயே தங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை கக்கிவிட்டது என்று கணவரிடம் சொல்லி ரவிக்கையை மாற்றினேன். எனக்கு நிம்மதி இல்லை. இவ்வளவு சுலபமாக அந்தப் பெண் ஏன் விட்டுக் கொடுத்தாள்? கூட்டத்தில் காட்டிக் கொடுக்காமல் தனியாக வந்து மிரட்டப் போகிறாளா? அதைவிடப் பெரிய பயம் பையனைப் பற்றியது. நான் வேலையெல்லாம் போட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றேன். இத்தனை நாள் அவர்கள் என்னைப் பார்த்த அதே வேலிதான். அவன் ராகிக் களி தின்றான். கோழியைத் துரத்தினான். விழுந்தான். விழுந்தபோதெல்லாம் எழுகிறானா என்று பார்த்தேன். எழுந்து மறுபடி துரத்தினான். பொழுது சாய்கிற வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்ப் பார்த்தேன். பையன் மண்ணில் உட்கார்ந்து, எங்கிருந்தோ பிடித்த ஒரு வண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, என் மாரைப் பார்த்து ஓடி வந்தான். அவன் அம்மா வந்து பிடித்துக்கொண்டாள். சிரித்தோமா அழுதோமா என்று தெரியவில்லை, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

கணவர் பள்ளிக்கூடம் போனபின் கதவைச் சாத்திக்கொண்டேன். மகளைத் தொட்டிலிலிருந்து எடுத்தேன். ஊர்க்கவுண்டருக்காக இல்லை, கணவருக்காக இல்லை, அம்மாவுக்காக இல்லை. என்னைக் கொடுக்க வைத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தை ஒருவருக்கும் தரக்கூடாது என்பதில் எனக்கு அப்போதும் வீம்பு இருந்தது. அவள் கொஞ்சம் தடுமாறினாள், ரப்பருக்குப் பழகிய வாய். பிறகு பிடித்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக, அது மாறுகிறதா என்று பார்க்காமல் சும்மா பார்த்தேன்.

கதவைத் தட்டினார்கள். அவசரமாகத் துணியை இழுத்து மூடிக்கொண்டு திறந்தால் அந்த அத்தை நிற்கிறாள். ஊருக்குக் கிளம்பி, தலையில் மூட்டையோடு இருந்தாள். கூட வந்த ஆண்கள் தூரத்தில் பாதையில் நின்றார்கள். வந்துவிட்டது வம்பு என்று நினைத்தேன்.

“உள்ள வாங்க” என்றேன், வேண்டாம் என்று சொல்வாள் என்ற எண்ணத்தில்.

“இல்லீங்க, நேரமாச்சு” என்றாள். அவள் பார்வை நேராக என் ரவிக்கைக்குப் போயிற்று. அதுவும் நனைந்திருந்தது.

இனி ஒளித்து என்ன பயன் என்று நானே கேட்டுவிட்டேன். “நேத்தே உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லலை?”

அவள் பாதையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“நானும் மொதப் புருசனை வேண்டாமுன்னு வந்தவதானுங்க. கைப்பிள்ளையோட வந்தேன். எனக்கும் இப்பிடித்தான் காச்சல் வந்து பால் வத்திப்போச்சு. பையன் வாயைத் தொறந்து பார்த்தாங்க, ஒண்ணுமில்லை. கூட்டிப் போயிட்டாங்க. இப்பப் பெரிய ஆளு. சந்தையில பார்த்தா, ஆரும்மா நீன்னு கேக்கறான்.”

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூட்டையைச் சரிசெய்துகொண்டு இரண்டடி நடந்தவள் திரும்பினாள். அந்த இறுகிய வாய் ஒரு ஓரத்தில் லேசாக விட்டுக்கொடுத்தது.

“அறுப்பு முடிஞ்சு மறுபடி நாந்தானுங்க பார்க்க வருவேன்” என்றாள். “அப்ப வாரப்பக் கறுப்பு ரவிக்கையா போட்டுக்கிட்டு வாங்க.”

என்னிடம் கறுப்பு ரவிக்கை இல்லை. அடுத்த சந்தைக்குக் கறுப்புத் துணி வாங்கி வரும்படி சுமைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன்.